மூன்று மில்லியன் கையொப்பங்களும் ஒரு மில்லியன் வாக்குகளும்: பேட் ராபர்ட்சன் குறித்த நிகழ்வு ஆய்வு

சமய ஊழியத்தில் இருப்பவர் அரசியலுக்கு வரலாமா என்ற கேள்வி சிங்கப்பூரில் எழுந்தால், பேச்சு பெரும்பாலும் சட்டத்தில் தொடங்கிச் சட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. 1990ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம், சமயப் போதனையின் பெயரால் அரசியல் நோக்கத்தையோ கட்சியையோ முன்னெடுப்பவர்மீது தடையாணை பிறப்பிக்க உள்துறை அமைச்சருக்கு அதிகாரம் அளிக்கிறது. விடை கிடைத்துவிட்டது என்று நாமும் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம். அத்தகைய தடை இல்லாத ஒரு நாட்டில், சொந்தமாகத் தொலைக்காட்சி நிலையமும் நாடெங்கும் காணிக்கையாளர்களும் கொண்ட ஒரு போதகர் அதிபர் பதவிக்கே முயன்றால் படிப்படியாக என்ன நடக்கும் என்பதை நிதானமாகப் பார்ப்பவர்கள் குறைவு. அமெரிக்கப் போதகரும் ஒளிபரப்பாளருமான பேட் ராபர்ட்சனின் (1930–2023) வாழ்க்கையில் அதற்கான விவரங்கள் ஏறக்குறைய முழுமையாகவே பதிவாகியுள்ளன.

ராபர்ட்சனைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி அவருடைய பேச்சுகளையே சுற்றிவருகிறது. 1985இல் குளோரியா சூறாவளி வர்ஜீனியா பீச் நகரைத் தாக்காமல் விலகும்படி நேரலையில் ஜெபித்தது, 2005இல் வெனிசுவேலாவின் அதிபரைக் கொன்றுவிடலாம் என்று சொல்லிப் பிறகு மன்னிப்புக் கேட்டது, 2010இல் ஹைட்டி நிலநடுக்கத்தை அந்நாட்டு மக்களின் முன்னோர் பிசாசுடன் செய்த உடன்படிக்கையோடு முடிச்சுப்போட்டது என அந்தப் பட்டியல் நீளும். அவற்றைக் கேட்டுச் சிரித்தவர்களும் சினந்தவர்களும் அவர் எப்படி வேலை செய்தார் என்பதைக் கவனிக்கத் தவறினார்கள் என்பது என் கருத்து. அவருடைய வழிமுறை எளிமையானது. ஒரு காரியத்தில் இறங்குமுன், அதற்குத் துணைநிற்பதாகக் குறிப்பிட்ட எண்ணிக்கையினரிடம் பெயரோடும் முகவரியோடும் வாக்குறுதி வாங்கிவிடுவார். கொஞ்சம் பேர் உறுதியாக நின்றால் போதும் என்ற களங்களில் அது அவருக்கு அடுத்தடுத்து வெற்றியைத் தந்தது. பெருங்கூட்டம் வந்து வாக்களிக்கும் களத்தில் நான்கே வாரங்களில் அவரை வீழ்த்தியது.

செனட்டரின் மகன்

போதகராக இருந்து அரசியலுக்கு வந்தவர் என்று ராபர்ட்சனை அறிமுகப்படுத்துவது வழக்கம். அவருடைய பிறப்பைப் பார்த்தால் பயணம் எதிர்த்திசையில் தொடங்கியது தெரியும். 1930 மார்ச் 22 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் லெக்சிங்டனில் பிறந்த மேரியன் கார்டன் ராபர்ட்சனின் தந்தை அப்சலம் வில்லிஸ் ராபர்ட்சன், 1933 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர். 1946 முதல் இருபது ஆண்டுகள் செனட்டர். பையனுக்கு அரசியல் வீட்டுப் பேச்சு. மரைன் படையில் சேர்ந்து கொரியப் போர்க் காலத்தில் பணியாற்றி, 1955இல் யேல் சட்டப் பள்ளியில் பட்டம் பெற்றவர், நியூயார்க் வழக்கறிஞர் தேர்வில் தேறவில்லை. வணிகத்தில் சிறிது காலம் கழித்தபின் சமய அனுபவம் ஒன்று அவரை மாற்றியது. நியூயார்க்கில் இறையியல் கல்லூரியில் பயின்று 1959இல் பட்டம் பெற்றார். 1961இல் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபையின் போதகராக அபிஷேகம் பெற்றார். பட்டமும் குடும்பப் பெயரும் இருந்தும் மனத்தில் நிம்மதியில்லை, பிறகு ஆண்டவர் சந்தித்தார் என்ற வடிவில் அமைந்த சாட்சியை ஷார்ட் ஸ்திரீட் மெதடிஸ்ட் ஆலயத்திலும் புறநகர்ப் பெந்தெகொஸ்தே சபைகளிலும் கேட்டுப் பழகிய நம் சிங்கப்பூர் வாசகர்களுக்கு இந்தப் பகுதி புதிதாக இராது.

இளமைக்கால நிகழ்வுகளில் ஒன்றை மட்டும் தனியாகக் குறிப்பிட வேண்டும். 1966இல் அவருடைய தந்தை மீண்டும் போட்டியிட, கட்சியின் உள்தேர்தலிலேயே ஏறத்தாழ 600 வாக்குகளில் தோற்றார். மகன் பிரசாரத்துக்குப் போகவில்லை. தேவனுடைய நித்திய நோக்கத்தை ஓர் அரசியல் வேட்பாளரின் வெற்றியோடு கட்டிவைக்க முடியாது என்று தமக்கு உணர்த்தப்பட்டதாகப் பின்னாளில் அவரே எழுதினார். 600 வாக்கு என்பது, அப்போதே ஒரு தொலைக்காட்சி நிலையத்தைக் கையில் வைத்திருந்தவர் முயன்றிருந்தால் புரட்டிப்போட்டிருக்கக்கூடிய இடைவெளி. இருபது ஆண்டுகள் கழித்து அதே மனிதர், தேவசித்தத்தை அறிந்தே அதிபர் போட்டியில் இறங்குவதாகச் சொன்னபோது, முந்தைய உணர்த்துதல் என்னவாயிற்று என்று கேட்டவர்கள் அமெரிக்கக் கிறிஸ்துவர்களிடையே இருந்தார்கள்.

பத்து டாலர்

வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத் நகரில் இயக்கம் நின்றுபோய்க் கிடந்த ஒரு சிறிய தொலைக்காட்சி நிலையத்தை வாங்கி, 1960இல் கிறிஸ்துவ ஒளிபரப்புக் கட்டமைப்பை, அதாவது சிபிஎன் நிறுவனத்தை, ராபர்ட்சன் பதிவுசெய்தார். ஒளிபரப்பு 1961 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. விளம்பரம் இல்லை, வருமானம் முழுவதும் காணிக்கை. 1963இல் நிலையத்தை நடத்த மாதம் 7,000 டாலர் தேவைப்பட்டது. மாதம் பத்து டாலர் தருவதாக 700 பேர் வாக்குக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று நேரலையில் வேண்டுகோள் விடுத்தார். தொலைபேசிகள் ஒலித்தன. அந்த எண்ணிக்கையே 1966 முதல் '700 கிளப்' என்ற நிகழ்ச்சியின் பெயராகி, இன்றுவரை நீடிக்கிறது.

இந்த ஏற்பாட்டின் உள்ளடக்கம் பணத்தைவிடப் பெரியது. வானொலி காலத்திலேயே காணிக்கை கேட்ட ஊழியர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டார்கள், சிலர் அனுப்பினார்கள், அவ்வளவுதான். ராபர்ட்சனின் அரங்கில் தொலைபேசி மேசைகள் நிகழ்ச்சியின் பகுதியாகவே அமைந்தன. அழைத்தவருக்காக ஒரு தன்னார்வலர் ஜெபிப்பார். பெயரையும் ஊரையும் தேவையையும் குறித்துக்கொள்வார். பிறகு கடிதம் போகும். மகனுக்கு வேலை இல்லை, கணவருக்கு உடல்நிலை சரியில்லை என்று சொன்னவரின் முகவரி அந்தக் குறிப்போடு சேர்த்துப் பேணப்பட்டது. மாதம் பத்து டாலர் தருபவர் தம்மைப் பார்வையாளர் என்று எண்ணவில்லை. உறுப்பினர் என்று எண்ணினார். எந்த அரசியல் கட்சியும் பெருஞ்செலவு செய்து உருவாக்க முயலும் பட்டியல் ஒன்று, கட்சிகள் பாராத ஒரு மூலையில் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தானே வளர்ந்துவந்தது.

வளர்ச்சியின் அடுத்த கட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1977இல் சிபிஎன் துணைக்கோள் வழியாக நாடு முழுவதும் கேபிள் நிறுவனங்களைச் சென்றடைந்தது. பின்னாளில் ரீஜென்ட் பல்கலைக்கழகம் என்று பெயர்பெற்ற கல்விநிலையமும், ஆப்பரேஷன் பிளெசிங் என்ற நிவாரண அமைப்பும் அடுத்தடுத்துத் தொடங்கப்பட்டன. ஊழியத்தின் கேபிள் அலைவரிசை ஃபேமிலி சேனல் ஆனது. அதன் இலாபம் தொண்டு நிறுவன வரிவிலக்குக்கே இடையூறாகும் அளவுக்கு உயரவே, 1990இல் தனி வணிக நிறுவனமாகப் பிரிக்கப்பட்டு, 1997இல் ரூப்பர்ட் மர்டோக்கின் ஃபாக்ஸ் தரப்புக்கு ஏறத்தாழ 1.9 பில்லியன் டாலருக்கு விற்கப்பட்டது. பத்து டாலர் காணிக்கைகளால் எழும்பிய ஒன்று பில்லியன் கணக்கில் கைமாறியதைக் குறித்து எனக்குள்ள சங்கடத்தை இங்கே ஒரு வரியில் பதிவுசெய்துவிட்டுக் கடந்துபோகிறேன். அது தனியாக ஆராய வேண்டிய பொருள்.

அரசியலுக்கு முக்கியமான மாற்றம் நிகழ்ச்சியின் வடிவத்தில் வந்தது. 1980களின் தொடக்கத்தில் '700 கிளப்' பாடலும் சாட்சியும் ஜெபமும் கொண்ட கூட்டத்தின் சாயலை விட்டு, செய்தி இதழின் சாயலுக்கு மாறியது. கருக்கலைப்பு, பள்ளிகளில் ஜெபம், சோவியத் யூனியன், மத்தியக் கிழக்கு ஆகியவற்றைப் பற்றிய செய்தித் துணுக்கை ஒளிபரப்பி முடித்ததும், ராபர்ட்சன் புன்னகையோடு அதற்கு வேதாகமப் பொருள் சொல்வார். அவர் கத்திப் பிரசங்கம் செய்தவர் அல்லர். பக்கத்து வீட்டுப் பெரியவர் போல் பேசுவார். தம்மைத் 'தொலைக்காட்சி நற்செய்தியாளர்' என்று செய்தியாளர்கள் அழைத்தால் முகம் சுளித்து, தாம் ஒளிபரப்பாளர், தொழிலதிபர் என்று திருத்துவார். அந்தத் திருத்தத்தில் ஓரளவு உண்மை இருந்தது.

1986 செப்டம்பர் முதல் 1988 மார்ச் வரை

1986 செப்டம்பர் 17, அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் ஆண்டு நாளன்று, வாஷிங்டனில் கூடிய கூட்டத்தில் ராபர்ட்சன் ஒரு நிபந்தனையை வெளியிட்டார். அவர் உரை நாடெங்கும் பல அரங்குகளில் துணைக்கோள் வழியே காட்டப்பட்டது. அடுத்த ஆண்டு அதே நாளுக்குள் மூன்று மில்லியன் பேர் தமக்காக ஜெபிப்பதாகவும் உழைப்பதாகவும் பணம் தருவதாகவும் கையொப்பமிட்டால், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் நியமனத்துக்குப் போட்டியிடுவதாகச் சொன்னார். 1963இன் 700 பேர் இங்கே மூன்று மில்லியன் ஆனார்கள். கேட்ட முறை மாறவில்லை. கையொப்பங்கள் சேர்ந்ததாக அறிவித்து, 1987 அக்டோபர் 1 அன்று, இறையியல் மாணவராக வாழ்ந்த புருக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் வட்டாரத்தில் நின்று, எதிர்ப்பாளர்களின் கூச்சலுக்கிடையே தம் போட்டியை அறிவித்தார். தேதி தற்செயலானதன்று, சிபிஎன் ஒளிபரப்பு தொடங்கிய அதே அக்டோபர் 1. சில நாள்களுக்கு முன்னரே போதகர் அபிஷேகத்தைத் துறந்துவிட்டார்.

அந்தத் துறப்பைச் சடங்கு என்று பலர் ஒதுக்கினார்கள். சட்டப்படி அவசியமில்லாத ஒன்றை அவர் செய்தார் என்பதே கவனத்துக்குரியது. வாக்காளர் தம்மைப் போதகராகப் பார்த்தால் வெற்றி இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். போதகராகப் பார்த்தவர்களே தம் முழுப் படையும் என்பதையும் அறிந்திருந்தார். பிரசாரம் முழுவதும் இந்த முரண்பாட்டை அவரால் தீர்க்க முடியவில்லை.

இங்கே அமெரிக்க வேட்பாளர் தேர்வின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். சில மாநிலங்களில் காக்கஸ் என்ற முறை உண்டு: கட்சி ஆதரவாளர்கள் ஒரு குறிப்பிட்ட மாலையில் பள்ளிக்கூடத்திலோ ஒருவர் வீட்டிலோ கூடி, நேரம் செலவிட்டு, தங்கள் தெரிவைச் சொல்வார்கள். பனிக்காலத்தில் அதற்கென்று வெளியே வருபவர்கள் சிலரே. வேறு மாநிலங்களில் பிரைமரி என்ற முறை: வழக்கமான தேர்தல் போலவே சாவடிக்குச் சென்று வாக்குச்சீட்டைப் போட்டுவிட்டு வீடு திரும்பலாம். முதல் முறையில் உறுதிப்பாட்டுக்கு மதிப்பு அதிகம். இரண்டாவதில் தலைகளின் எண்ணிக்கைக்கு.

ராபர்ட்சனின் முடிவுகள் இந்தக் கோட்டைப் பிடித்தே விழுந்தன. 1987 செப்டம்பரில் அயோவாவின் ஏம்ஸ் நகரில் நடந்த மாதிரி வாக்கெடுப்பில் அவர் முதலிடம் பெற்றார். துணை அதிபர் ஜார்ஜ் புஷ் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். தம் ஆதரவாளர்கள் அன்று கோல்ஃப் திடலில் இருந்திருக்கலாம் என்ற பொருள்படப் புஷ் சொன்ன சமாதானம் கேலிக்கு ஆளானது. 1988 பிப்ரவரி 8 அயோவா காக்கஸில் இன்னொரு போட்டியாளரான செனட்டர் பாப் டோல் 37 விழுக்காடு, ராபர்ட்சன் 25, புஷ் 19. ஆட்சியில் இருந்த துணை அதிபரை ஒரு தொலைக்காட்சிப் போதகர் முந்திவிட்டார் என்பது அன்று உலகச் செய்தி. ஹவாய், அலாஸ்கா, வாஷிங்டன் மாநிலக் காக்கஸ்களிலும் ராபர்ட்சனே முதலிடம் பெற்றார். ஆனால் அயோவாவுக்கு எட்டு நாள் கழித்து வந்த நியூ ஹேம்ப்ஷியர் பிரைமரியில் 9 விழுக்காட்டோடு ஐந்தாமிடம். வெல்ல வேண்டும் என்று அவரே குறித்துவைத்திருந்த தென் கரோலினாவில், மார்ச் 5 அன்று, ஏறத்தாழ 19 விழுக்காட்டோடு மூன்றாமிடம். மார்ச் 8 அன்று தென் மாநிலங்கள் ஒன்றாக வாக்களித்தபோது புஷ் பிரைமரிகளை அள்ளிச் சென்றார். அத்துடன் ராபர்ட்சனின் போட்டி உண்மையில் முடிந்துவிட்டது.

அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் பிரைமரிகள் அனைத்திலும் அவருக்குக் கிடைத்த மொத்த வாக்கு சுமார் 1.1 மில்லியன், அதாவது 9 விழுக்காடு. மூன்று மில்லியன் கையொப்பத்தோடு இதை நேரடியாக ஒப்பிடுவது முற்றிலும் நியாயமாகாது: எல்லா மாநிலங்களிலும் பிரைமரி இல்லை, கையொப்பமிட்டவர்களில் ஜனநாயகக் கட்சியினரும் இருந்திருக்கலாம், பிற்பகுதி மாநிலங்கள் வாக்களித்தபோது போட்டியே ஓய்ந்திருந்தது. இவற்றையெல்லாம் கழித்த பின்னும், ஜெபிப்பதாகக் கையொப்பமிடுபவரும் வாக்குச்சாவடிக்குப் போகிறவரும் ஒருவரே என்று எடுத்துக்கொண்டது எவ்வளவு பெரிய தப்புக்கணக்கு என்பது மறையவில்லை.

தோல்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் அவருடைய வாய்த்தவறுகள் முதலிடம் பெறும். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இன்னும் இருக்கின்றன என்றார். லெபனானில் அமெரிக்கப் பணயக்கைதிகள் வைக்கப்பட்டிருந்த இடம் ஒரு கட்டத்தில் தம் செய்திப் பிரிவுக்குத் தெரிந்திருந்தது என்றார். பிப்ரவரியில் தொலைக்காட்சிப் போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட்டின் பாலியல் ஊழல் வெளிவந்தபோது, அது வெளிவந்த நேரத்துக்குப் பின்னால் புஷ் தரப்பு இருப்பதாகக் குற்றஞ்சாட்டி ஆதாரம் காட்ட முடியாமல் நின்றார். கொரியப் போரில் நேரடிச் சண்டைக்குப் போகாதிருக்கத் தந்தையின் செல்வாக்கைப் பயன்படுத்தினார் என்று சொன்ன முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் பீட் மெக்ளாஸ்கிமீது தொடுத்த அவதூறு வழக்கை, மார்ச் 8 அன்றே விசாரணை தொடங்கவிருந்த நிலையில் திரும்பப் பெற்றார். 1987இல் இன்னொரு தொலைக்காட்சிப் போதகரான ஜிம் பேக்கரின் ஊழல் வெடித்து எல்லாத் தொலைக்காட்சி ஊழியங்களின் காணிக்கையையும் சரித்திருந்தது. சிபிஎன் பல நூறு ஊழியர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. இவை எல்லாம் உண்மை. ஆனால் இவை மட்டுமே காரணமென்றால் மார்ச் 8 அன்று வாஷிங்டன் மாநிலக் காக்கஸிலும் அவர் தோற்றிருக்க வேண்டும். அங்கே வென்றார்.

அதிகம் பேசப்படாத காரணம் சபைகளுக்கு உள்ளேயே இருந்தது. ராபர்ட்சன் பாப்டிஸ்ட் அபிஷேகம் பெற்றவராயினும் அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், சுகமளிக்கும் வரம் ஆகியவற்றை நம்பிய கரிஸ்மாட்டிக் ஊழியர். தெற்கத்திய அடிப்படைவாத பாப்டிஸ்டுகளில் கணிசமானோர் இவற்றை வேதாகமத்துக்குப் புறம்பானவை என்று கருதினார்கள். அவர்களுள் மிகப் புகழ்பெற்ற தொலைக்காட்சிப் போதகரான ஜெரி ஃபால்வெல், புஷ்ஷை ஆதரித்தார். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குக் 'கிறிஸ்துவ வாக்கு' ஒரே கட்டாகத் தெரிகிறது; ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்பதிலேயே குடும்பங்கள் பிரிந்ததைக் கண்ட தமிழ்க் கிறிஸ்துவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. ஒளிபரப்பு ராபர்ட்சனுக்கு அளித்தது கிறிஸ்துவர்களுக்குள் ஒரு பிரிவை. அந்தப் பிரிவின் ஆழத்தை அவர் மொத்தத்தின் அகலமாக வாசித்துவிட்டார்.

வரித்துறையின் தீர்வு

அமெரிக்க வருமானவரிச் சட்டம், வரிவிலக்குப் பெற்ற சமய, அறக்கட்டளை அமைப்புகள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்கிறது. ராபர்ட்சன் 1980களின் தொடக்கத்தில் நிறுவிய ஃப்ரீடம் கவுன்சில் என்ற அமைப்பு, கிறிஸ்துவர்களுக்கு அரசியல் கல்வி அளிப்பதாகச் சொல்லிக்கொண்டது; மிச்சிகன் மாநிலத்தில் கட்சிப் பேராளர் இடங்களுக்கு ஆள்சேர்க்கும் வேலையில் இறங்கியது. அதற்குப் பணம் சிபிஎன் நிறுவனத்திலிருந்து பல மில்லியன் டாலராகப் போனது. வரித்துறை தணிக்கை தொடங்கி நீண்டது. 1998இல் எட்டிய உடன்பாட்டின்படி, 1986, 1987 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு சிபிஎன் தன் வரிவிலக்கை இழந்தது. பெருந்தொகை ஒன்றையும் செலுத்தியது. பிரசாரம் முடிந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் ராபர்ட்சன் அடுத்த அமைப்பைக் கட்டி, அதன் உச்சத்தையும் பார்த்துவிட்டார்.

தோற்றவரின் பட்டியல்

1988 ஆகஸ்ட்டில் குடியரசுக் கட்சியின் நியூ ஆர்லின்ஸ் மாநாட்டில் புஷ்ஷை ஆதரித்துப் பேசியபின், ராபர்ட்சன் மீண்டும் நிகழ்ச்சி மேசைக்குத் திரும்பினார். கையில் பிரசாரத்தின் பெயர்ப் பட்டியல் இருந்தது. 1989இல் கிறிஸ்டியன் கொயலிஷன் என்ற அமைப்பைத் தொடங்கி, அதன் நடைமுறைப் பொறுப்பை இருபதுகளில் இருந்த ரால்ஃப் ரீட் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார். அமைப்பு அதிபர் பதவியை விட்டுப் பள்ளி வாரியம், மாவட்டக் கட்சிக் குழு, மாநில மாநாட்டுப் பேராளர் இடம் ஆகியவற்றைக் குறிவைத்தது. நூறு பேர் வாக்களிக்கும் இடத்தில் ஐம்பத்தொரு பேரைக் கொண்டுவருவது 700 கிளப் முறைக்குக் கைவந்த கலை. தேர்தலுக்கு முந்தைய ஞாயிறுகளில், வேட்பாளர்களின் நிலைப்பாடுகளைப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடும் வழிகாட்டிகளைச் சபைகளில் வழங்கினார்கள். இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று அதில் எழுதியிருக்காது. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

1994இல் குடியரசுக் கட்சி காங்கிரஸின் இரு அவைகளையும் கைப்பற்றியபோது கொயலிஷனின் பங்கை எதிர்த்தரப்பும் ஒப்புக்கொண்டது. 1988இல் புஷ்ஷிடம் தோற்றவரின் ஆதரவைப் பெறாமல் அக்கட்சியில் அதிபர் வேட்பாளராவது கடினம் என்ற நிலை சில ஆண்டுகளில் உருவானது. 2000இல் ராபர்ட்சனையும் ஃபால்வெலையும் 'சகிப்பின்மையின் முகவர்கள்' என்று சாடிய செனட்டர் ஜான் மெக்கேன், அவ்வாண்டு நியமனத்தை இழந்தார். அமைப்பும் நெடுநாள் உச்சத்தில் நீடிக்கவில்லை: ரீட் 1997இல் விலகினார், வரித்துறை 1999இல் அதற்கு வரிவிலக்கு மறுத்தது, 2001இல் ராபர்ட்சனும் தலைமைப் பொறுப்பை விட்டார். ஆயினும் அது பயிற்றுவித்த வட்டாரச் செயல்வீரர்கள் கட்சிக்குள் தங்கிவிட்டார்கள். ராபர்ட்சன் 2021 அக்டோபர் 1 அன்று, தம் 91ஆம் வயதில், '700 கிளப்' நெறியாளர் நாற்காலியை மகன் கார்டனிடம் கொடுத்துவிட்டு, 2023 ஜூன் 8 அன்று காலமானார்.

சிங்கப்பூரிலிருந்து பார்க்கையில்

புருக்ளினில் ராபர்ட்சன் போட்டியை அறிவித்த அதே 1987இல், சிங்கப்பூரில் சமயமும் அரசியலும் சந்தித்த விதம் முற்றிலும் வேறானது. மே 21 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 16 பேர் கைதானார்கள். அவர்களுள் கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் பணிகளில் ஈடுபட்டிருந்த பொதுநிலையினரும் இருந்தனர். மார்க்சிய சதி என்று அரசாங்கம் கூறியது. தடுத்துவைக்கப்பட்டவர்களில் பலர் அதைப் பின்னர் மறுத்தனர். ஆண்டிறுதியில் ஆசியக் கிறிஸ்துவ மாநாட்டின் செயலகம் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. 1989 டிசம்பரில் வந்த வெள்ளை அறிக்கையும் 1990ஆம் ஆண்டின் சட்டமும் இந்தப் பின்னணியில் எழுந்தவை. ராபர்ட்சன் பணக்காரர்களின் கட்சிக்குள் வலப்புறமாக நுழைந்தார். சிங்கப்பூர் அரசாங்கம் அஞ்சியது இடப்புறத்தை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் மேடையும் ஆள்பலமும் உள்ள ஒரு சமய அமைப்பு அரசியல் எண்ணிக்கையாக மாறக்கூடும் என்ற கவலை இரண்டிலும் பொதுவாக இருந்தது.

காக்கஸ் வழியாக ஒருவர் நுழைவது இங்கே நடைமுறையில் இயலாது. வேட்பாளரைக் கட்சித் தலைமை தேநீர்ச் சந்திப்புகள் வழியே தேர்ந்தெடுக்கிறது, வாக்களிப்பது கட்டாயம், குழுத்தொகுதிகளில் பல இனத்தவரின் வாக்கும் வேண்டும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் கிறிஸ்துவர்கள் 18.9 விழுக்காடு, அவர்களும் பல திருச்சபைகளாகவும் மொழிகளாகவும் பிரிந்திருப்பவர்கள். சிறு எண்ணிக்கையின் உறுதிப்பாடு வெல்லக்கூடிய இடம் பொதுத் தேர்தலில் இல்லை.

அது எங்கே இருக்கிறது என்பதை 2009இல் பார்த்தோம். மார்ச் 28 அன்று அவேர் மாதர் அமைப்பின் ஆண்டுக் கூட்டத்துக்கு நூற்றுச் சொச்சம் பேரே வந்திருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அண்மையில் சேர்ந்தவர்கள். செயற்குழுவின் பெரும்பான்மை இடங்கள் புதியவர்களுக்குப் போயின. அவர்களுள் பலர் ஒரே ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்கள் என்பது பின்னர் தெரியவந்தது. மே 2 அன்று சன்டெக் மாநாட்டு மண்டபத்தில் கூடிய அவசரக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 பேர் திரண்டார்கள். புதிய குழுமீது நம்பிக்கையில்லை என்று 1,414 பேரும், எதிராக 761 பேரும் வாக்களித்தார்கள். பிரசங்க மேடையை இவ்விவகாரத்துக்குப் பயன்படுத்தியதற்காக அச்சபையின் மூத்த போதகர் வருத்தம் தெரிவித்தார். இத்தகைய தலையீட்டைத் தான் ஏற்கவில்லை என்று சிங்கப்பூர்த் தேசியத் தேவாலய மன்றமும் அறிக்கை வெளியிட்டது. அவேர் அரசியல் கட்சியன்று. அங்கே யாரும் அதிபர் பதவி கேட்கவில்லை. ஆயினும் மார்ச் கூட்டம் அயோவா, மே கூட்டம் தென் கரோலினா என்று சொல்லும் அளவுக்கு அதன் இயக்கம் ஒத்துப்போகிறது. அந்த விவகாரத்தில் தடையாணை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. கூட்டத்தின் அளவே அதைத் தீர்த்தது.

2019இல் சட்டத்தைத் திருத்தியபோது, அதுவரை ஒருவர்மீதும் தடையாணை பிறப்பிக்கப்பட்டதில்லை என்று அரசாங்கம் தெரிவித்தது. திருத்தத்தால், ஆணைக்கு முந்தைய 14 நாள் முன்னறிவிப்பு நீக்கப்பட்டு, ஆணை உடனே நடப்புக்கு வரலாம் என்றாயிற்று. சமயக் குழுக்கள் 10,000 வெள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட வெளிநாட்டு நன்கொடையைத் தெரிவிக்க வேண்டும் என்றாயிற்று. கைத்தொலைபேசியில் தமிழ்நாட்டு ஊழியரின் நேரலையைப் பார்த்துக்கொண்டே சிறு காணிக்கை அனுப்பும் வழக்கம் நம்மிடையே பரவிவிட்ட காலத்தில், இந்த இரண்டாம் விதி எதைப் பிடிக்கும், எதை விடும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. அது உள்ளே வரும் பெருந்தொகையைக் கவனிக்கிறது. ராபர்ட்சனின் வழியோ சிறு தொகைகளால் ஆனது. அதில் மதிப்புமிக்கதாக இருந்தது பணத்தோடு கூட வந்த முகவரி. இன்று அந்த முகவரி ஒரு வாட்ஸ்அப் எண்.

முதல் விதியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. அமெரிக்காவில் சட்டம் ராபர்ட்சனைப் பிடிக்கப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதற்குள் அந்தத் தண்டனைக்கு அரசியல் பொருள் எதுவும் மிஞ்சவில்லை. சிங்கப்பூர்ச் சட்டம் ஒரே நாளில் செயல்படக்கூடியது. இந்த வேறுபாட்டை வைத்து நம் ஏற்பாடு மேலானது என்று முடிவுகட்டுவோர், பிப்ரவரி 8க்கும் மார்ச் 8க்கும் இடைப்பட்ட நான்கு வாரங்களை விட்டுவிடுகிறார்கள். அந்த நான்கு வாரங்களில் ராபர்ட்சனை நிறுத்தியவர்கள் வாக்காளர்கள். அவர்களில் மிகப் பலர் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிற தெற்கத்தியக் கிறிஸ்துவர்கள். அவருடைய ஜெபத்தை நம்பியவர்கள்கூட நாட்டை அவரிடம் ஒப்படைக்கத் தயங்கினார்கள். சன்டெக் மண்டபத்தில் வாக்களித்த 1,414 பேரிலும் கிறிஸ்துவர்கள் இருந்திருப்பார்கள் என்றே கருதுகிறேன்.